தள்ளிவைத்த சீர்

என் தங்கை மகள் பவதாரணிக்குப் பத்தொன்பது வயது முடிந்துவிட்டது. பஸ்ஸில் இன்னும் அரை டிக்கெட்தான் கொடுக்கிறார்கள்.

அன்றைக்கும் அதே கூத்துதான். விடுமுறைக்கு அவளை ஹாஸ்டலிலிருந்து அழைத்துக்கொண்டு நாமக்கல் திரும்பிக்கொண்டிருந்தேன். கண்டக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பாப்பாவுக்கு அரை போதுங்" என்றார். முழு டிக்கெட்டே கொடுங்கள், இவள் போன தேர்தலில் ஓட்டுப் போட்டவள் என்று சொன்னேன். நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்து மனிதர் சிரித்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

"விடுங் மாமா. எப்பவும் நடக்கறதுதானே" என்றாள் பவா.

வலது மணிக்கட்டில் துணிக்கட்டுப் போட்டிருந்தாள். குளியலறையில் அரை வாளித் தண்ணீரைத் தூக்கியபோது மளுக்கென்று விட்டதாம். பதின்மூன்று வயதில் எந்த உயரத்தில் உச்சிமேட்டு ஸ்கூலில் கொண்டுபோய் விட்டோமோ, இன்றைக்கும் அதே உயரம், அதே முகம். கண்ணுக்குக் கீழே மட்டும் கருப்பு விழுந்திருந்தது. எனக்கு அவளைப் பார்க்கும்போதெல்லாம் அலுப்பாக இருக்கும். அவள் மேல் இல்லை, எங்கள் எல்லோர் மேலும்.

அளவரிசி வந்தபோது அதைக் கும்பிட்டவர்களில் நானும் ஒருவன். அதைக் கெட்டது என்று இப்போதும் சொல்ல மாட்டேன். பார்க்க அரிசி போலவே இருக்கும். உள்ளே இரும்பு, ஜிங்க், அயோடின், வைட்டமின்கள் என்று ஒவ்வொன்றும் தனித்தனி ஓட்டுக்குள் இருக்கும். காலையில் நாக்கில் ஒரு சொட்டு மருந்து விட்டுக்கொள்ள வேண்டும். எந்த ஓடு எவ்வளவு திறக்கலாம் என்று வயிற்றுக்குள் முடிவு செய்வது அந்தச் சொட்டுதான். பரமத்தி ரோட்டில் நான் லாரிக்கு கேபின் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். அங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் சோகை நீங்கி, முகம் தெளிந்து, மளமளவென்று வளர்ந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். நம்மவர்கள் மூளை சும்மா இருக்குமா? ஜிங்க் ஓட்டை மட்டும் மூடி வைத்தால் பிள்ளைகள் வயசுக்கு வராமல் அப்படியே நிற்கிறார்கள் என்று ஒரு புண்ணியவான் கண்டுபிடித்தான். சாதாரணச் சாப்பாட்டில் இருக்கிற ஜிங்க்கையும் அந்தச் சொட்டு உடம்பில் சேர விடாது. மூளைக்கு வேண்டியது மட்டும் தனி மருந்தாகப் போய்விடும். ஆண்பிள்ளைக்குக் குரல் உடையாது, மீசை அரும்பாது. பெண்பிள்ளைக்கு மாதாந்திர வயிற்று வலி கிடையாது. கண்ணாடி முன்னால் நிற்கிற நேரமெல்லாம் படிப்புக்கு மிச்சம். இதற்குத் 'தள்ளிவைப்பு' என்று பெயர். 'முதலில் மார்க், பிறகு மாற்றம்' என்று உச்சிமேட்டு ஸ்கூல் பைபாஸ் நெடுக போர்டு வைத்தது. மெடிக்கல் சீட் கிடைத்ததும் வெள்ளை மூடிச் சொட்டை நிறுத்திவிட்டுப் பச்சை மூடிச் சொட்டைக் கொடுத்துத் திறந்துவிடுவார்கள். பெண்பிள்ளை என்றால் ரிசல்ட்டையும் சீரையும் சேர்த்து ஒரே மண்டபத்தில் முடித்துவிடலாம். இப்போதெல்லாம் பத்திரிகையில் முகூர்த்த நேரத்துக்கு மேலே மார்க்கைப் போடுகிறார்கள்.

சீட் கிடைக்காத பிள்ளையை என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை. மறுபடி எழுது, அதுவரைக்கும் அப்படியே இரு என்பதுதான் வழக்கமாகிவிட்டது. பவா மூன்றாவது தடவையும் எழுதிவிட்டாள். போன வாரம் ரிசல்ட் வந்தது. கிடைக்கவில்லை.

எனக்கு இரண்டும் பையன்கள். தாய்மாமன் என்று நான் சீர் செய்ய இருக்கிற ஒரே பெண் இவள்தான். இவளுடைய பதின்மூன்றாவது வயதில் நெசவூரான இளம்பிள்ளைக்குப் போய் மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுச் சேலை எடுத்து வந்தேன். அது பீரோவிலேயே கிடக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை என் மனைவி கிருத்திகா அதை எடுத்து மடிப்பு மாற்றி வைப்பாள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக எலும்பு டாக்டர் நளாயினியிடம் அழைத்துப் போனேன். அந்தம்மா எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார்.

"எலும்பு கெட்டிப்படவே இல்லீங்க" என்றார்.

"ஹாஸ்டல்ல பாலு, ராகியெல்லாம் குடுக்கறாங்கதானுங்களே?"

"சிமெண்ட் மூட்டை வந்து எறங்கினா மட்டும் வீடு ஆயிருமா? பூசறதுக்கு ஆளு வரணும்ல. வயசுக்கு வர்றப்பதான் உடம்பு சுண்ணாம்புச் சத்தை எடுத்து எலும்புல பூசும். அந்த வேலை ஒரு அஞ்சாறு வருஷம்தான் நடக்கும். இந்தப் பொண்ணுக்கு அது ஆரம்பிக்கவே இல்ல."

"இன்னும் ஒரு வருஷம் தள்ளிவச்சா?"

"இப்ப வாளி தூக்கி மணிக்கட்டு. அடுத்தது இடுப்பா இருக்கலாம். பயமுறுத்தறேன்னு நெனைக்காதீங்க, சொல்ல வேண்டியது என் வேலை."

"சொட்டை நிறுத்திட்டா சரியாயிருமுங்களா?"

"மூணு வாரத்துல உடம்பு ஜிங்க்கை எடுத்துக்க ஆரம்பிக்கும். மொதல்ல நாக்குக்கு ருசி திரும்பும். தள்ளிவச்ச பிள்ளைங்களுக்கு ருசி மட்டு. அதனாலதான் ஹாஸ்டல் பூரா ஊறுகாய் பாட்டிலா இருக்கும். அப்பறம் நகத்துல இருக்கற வெள்ளைப் புள்ளியெல்லாம் மறையும். சில மாசத்துல மத்ததும் வந்துரும். பெரும்பாலும்."

"பெரும்பாலும்னா?"

"பதினஞ்சு, பதினாறுல நிறுத்தினவங்களுக்கு வந்திருக்கு. பத்தொம்பது வரைக்கும் யாரும் வச்சுப் பாத்ததில்லீங்க. நாமதான் மொதல்ல" என்றார். அவர் முகத்தில் சிரிப்பில்லை.

நிறுத்தச் சொல்லி யார் எழுதித் தர வேண்டும் என்று கேட்டேன். பதினெட்டு முடிந்துவிட்டதால் அவளேதான் தர வேண்டும், ஸ்கூல் பதிவுப்படி போன வருஷம் தள்ளிவைப்பை நீட்டிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருப்பதும் அவள்தான் என்றார் டாக்டர்.

"நீயேவா போட்ட சாமி?"

"ஆமாங் மாமா."

"ஏன்?"

"இன்னொரு தடவை எழுதிப் பாக்கலாம்னுதான்" என்று சொல்லிவிட்டு, இடது கை விரல்களை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

என் தங்கை மேனகாவும் மாப்பிள்ளை மௌலியும் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார்கள். கோடையில் பண்ணையை விட்டு ஒரு நாள் நகர்ந்தாலும் கோழிகள் வெக்கையில் செத்து விழும். அதனால் விடுமுறைக்குப் பவா எப்போதும் என் வீட்டுக்குத்தான் வருவாள். டாக்டர் சொன்னதை மேனகாவுக்கு போனில் சொன்னேன்.

"ஒரே ஒரு வருசங்ணா" என்றாள். "இந்தத் தடவை கொஞ்ச மார்க்குலதான் போச்சு."

"கை ஒடிஞ்சு கெடக்குது மேனகா."

"கட்டுப் பிரிச்சாச் சரியாப் போவுது. ஸ்கூல் திறக்க இன்னும் ரெண்டு வாரம் இருக்குதில்ல. சொட்டு பாட்டில் அவ பையிலதான் இருக்குது, காலைல மறக்காம அண்ணிய விடச் சொல்லுங்."

"நான் சொல்றது உன் காதுல ஏறுதா இல்லையா?"

"ஏறுதுங்ணா. இப்பத் திறந்து சீர் வச்சா வர்றவங்க மொதல்ல மார்க்கைத்தான் கேப்பாங்க. நான் என்னன்னு சொல்லட்டும்? ஆறு வருசம் நிறுத்தி வச்சது எதுக்குன்னு கேப்பாங்க, அதுக்கு என்ன சொல்லட்டும்?"

எனக்கு வந்த கோபத்துக்கு போனைச் சுவரில் அடித்திருப்பேன். ஆனால் என் தங்கை கெட்டவள் இல்லை. அவள் படிக்கிற காலத்தில் அவளுக்குச் சீட் கிடைக்கவில்லை, அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. சரி சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கிருத்திகா சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"ஏனுங், தானாத் திறந்துக்கிச்சுன்னு சொல்லிட்டா என்ன?"

அப்படியும் நடப்பதுண்டு. எங்கேயாவது ஒரு பெண்ணுக்குச் சொட்டையும் மீறி உடம்பு முந்திக்கொள்ளும். அப்படித் திறந்துகொண்ட பெண்ணை உச்சிமேட்டு ஸ்கூல் திரும்ப உள்ளே விடாது. மற்றப் பிள்ளைகளுக்கு மனசு அலையுமாம்.

"பொய் சொல்லச் சொல்றியா?"

"சீர் செய்ய வேண்டியது நீங்க. தாய்மாமன் குச்சு கட்டி நாலு பேரு பாத்துட்டா, அப்பறம் ஸ்கூல் பேச்சே வராது. சொட்டு இல்லாம நம்ம வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு இருந்தா நெசமாவே வந்துட்டுப் போவுது. சீரு முன்னால, அது பின்னால. யாரு பாக்கப் போறா?"

நாலு நாள் முந்தியே லாரியை டெலிவரி கொடுத்துவிட்டு, எஞ்சினைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்கிற மாதிரி இருந்தது. ஆனால் வேறு வழி எதுவும் எனக்குத் தோன்றவில்லை. பவாவிடம் சொன்னோம். அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மாகிட்ட யாரு சொல்றது?"

"நான் சொல்றேன் கண்ணு" என்றாள் கிருத்திகா.

"அப்பச் சரிங் அத்தை."

ஒரு எதிர்ப்பும் இல்லை. பாரம் இறங்கின மாதிரி ஒரு பெருமூச்சு விட்டாள். மறுநாள் மதியம் கிருத்திகா ஆட்டுக்கால் சூப் வைத்தாள். பவா ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்புக் கொஞ்சம் ஜாஸ்திங் அத்தை" என்றாள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே ஒரு நாள் சொட்டு விடாததற்கே ருசி தெரிய ஆரம்பித்துவிட்டது, இந்த உடம்பு எவ்வளவு ஆசையாகக் காத்திருந்திருக்கிறது பார் என்று நானும் கிருத்திகாவும் பேசிப் பேசி மாய்ந்துபோனோம். டாக்டர் மூன்று வாரம் என்று சொன்னது இரண்டு பேருக்குமே ஞாபகம் வரவில்லை.

கிருத்திகா போனில் சொன்னதும் மேனகா பண்ணையை ஆட்களிடம் விட்டுவிட்டு, மௌலியையும் கூட்டிக்கொண்டு பொழுதோடு வந்து சேர்ந்தாள். வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். சந்தோஷ அழுகை இல்லை. "இன்னும் ஒரு வருசம் பொறுத்திருக்கக் கூடாதா இந்த உடம்பு" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அப்புறம் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் மகள் தலையில் கையை வைத்தாள். அப்படியே வெகுநேரம் நின்றாள். மௌலி என் பக்கத்தில் வந்து, "நல்லதாப் போச்சுங் மச்சான்" என்றார். அவர் வாயிலிருந்து ஆறு வருஷத்தில் வந்த முதல் அபிப்பிராயம் அதுதான்.

வீட்டுக்கு முன்னால் குச்சு கட்டினேன். வயசுக்கு வந்த பெண்ணை உட்கார வைக்கத் தாய்மாமன் கட்டும் பச்சை ஓலைக் குடிசை. ஊரில் எல்லோரும் மண்டபத்தில் தெர்மாகோல் குடிசை வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கும் கீற்றுப் பின்னத் தெரியாது. என் பட்டறை ஆட்கள் லாரி கேபின் பைப்பை வெல்டு அடித்து நாலு மூலையை நிறுத்தினார்கள். அதன்மேல் தென்னங்கீற்றைக் கம்பியால் இறுக்கிக் கட்டினோம். எண்பது மைல் வேகத்தில் போனாலும் ஆடாத குச்சு என்று மௌலி சொன்னார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம், மேனகாகூட.

கிருத்திகா காலையில் நல்லெண்ணெயும் பச்சை முட்டையும், மதியம் ஈரலும், சாயங்காலம் கருப்பட்டி போட்ட உளுந்தங்களியும் கொடுத்தாள். தெருவில் தள்ளிவைத்த பெண்கள் சிலர் விடுமுறைக்கு வந்திருந்தார்கள். பதினைந்து, பதினாறு, பதினேழு வயது. எல்லோரும் பார்க்க ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரிதான். துணைக்கு என்று குச்சுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு, வெளிநாடு போய் வந்தவளைப் பார்ப்பது போல் பவாவைப் பார்த்தார்கள். ஆளுக்கொரு ஊறுகாய் பாட்டில் கொண்டுவந்து வைத்துக்கொண்டுதான் களியைத் தின்றார்கள். பவாவுக்கு ஊறுகாய் வேண்டியிருக்கவில்லை.

ஒன்பதாம் நாள் சீர் என்று வைத்திருந்தோம். முந்தின நாள் மதியம் பெண்களெல்லாம் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் ஒரு தட்டில் எள்ளுருண்டை எடுத்துக்கொண்டு போய்க் குச்சு வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். உள்ளே ஓலை வெளிச்சத்தில் அவள் முகம் பச்சையாகத் தெரிந்தது.

"சீரு முடியட்டும் சாமி. அப்பறம் கொஞ்ச மாசம், நெசமாவே வந்துரும். டாக்டரம்மாதான் சொன்னாங்கல்ல. நான் பாட்டுக்குக் காத்துட்டு இருப்பேன். எனக்கென்ன அவசரம்?" என்றேன்.

அவள் உருண்டையைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"காத்துட்டு இருக்காதீங் மாமா."

"ஏன் சாமி?"

"போன வருசம் சித்திரையிலயே நான் சொட்டை விட்டுட்டேனுங்."

எனக்குப் புரியவில்லை. அவளே பொறுமையாகச் சொன்னாள். வார்டன் சொட்டு விடுவதற்கு முன்னால் நாக்கின்மேல் துளிப் பஞ்சை ஒட்டிக்கொள்வாளாம். சொட்டு பஞ்சில் ஊறியதும் குழாயடிக்குப் போய்த் துப்பிவிடுவாளாம். லீவில் அத்தை விட்டாலும் அதே பஞ்சுதான்.

"ருசி வந்துச்சுங். ஹாஸ்டல் சாம்பார் எவ்வளவு கேவலம்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது" என்று லேசாகச் சிரித்தாள். இடது கையை ஓலை இடுக்கு வழியாக வெளிச்சத்தில் நீட்டினாள். நகத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி கிடையாது. டாக்டர் முன்னால் விரலை மடக்கி வைத்துக்கொண்டது எதற்கென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அப்பறம்?"

"அப்பறம் ஒண்ணும் வரலீங் மாமா. ஒரு வருசம் தாண்டிருச்சு. ஒண்ணுமே வரல."

வெளியே தெருவில் குல்ஃபி வண்டி மணியடித்துக்கொண்டு போயிற்று.

"அப்ப மறுபடி தள்ளிவைக்கச் சொல்லி எதுக்குக் கையெழுத்துப் போட்ட?"

"தள்ளிவச்சிருக்கறவளைப் பாத்து ஏன் இன்னும் வரலைன்னு யாரும் கேக்க மாட்டாங்கல்ல."

"பரீட்சை?"

"தெரிஞ்ச கேள்வியைத்தான் விட்டேன்" என்றாள். "சீட் கெடைச்சாப் பச்சை மூடி குடுப்பாங்க. அம்மா மண்டபம் புடிப்பாங்க. எல்லாரும் இன்னைக்கு வரும், நாளைக்கு வரும்னு பாத்துட்டே இருப்பாங்க. நீங்க அந்தச் சேலையை வச்சுக்கிட்டுப் பாத்துட்டே இருப்பீங்."

நான் அழுதுவிட்டேன். ஐம்பத்திரண்டு வயசு ஆள், தெருவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு அழுதேன். மறைக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. இவளுக்கு நாங்கள் செய்தது எனக்குத் தாங்கவில்லை. இவள் தனியாக இதைச் சுமந்துகொண்டு அரை டிக்கெட்டில் போய்வந்துகொண்டிருந்தது அதைவிடத் தாங்கவில்லை.

"நீங்க பொய்ச் சீருன்னு சொன்னப்ப எனக்கு நிம்மதியாப் போச்சு மாமா. இதோட ஆளுங்க பேச்சு முடிஞ்சுருமேன்னு நெனைச்சேன். ஆனா நீங்க நெசமாவே காத்துட்டு இருக்கறீங். அதை என்னால தாங்க முடியலீங். நாளைக்கு வேண்டாம்னா நிறுத்திருங்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"சேலை எடுத்து ஆறு வருசமாச்சு. நாளைக்கு நீ அதைக் கட்டிக்கிற. எனக்குச் சீரு செய்யணும்னா அது உனக்குத்தான். மத்தது வந்தா வருது, வராட்டிப் போவுது. சீரு முடிஞ்ச கையோட கோயமுத்தூர் போவலாம். இதுக்குன்னே டாக்டருங்க இருக்காங்க. ஊசி, மருந்து என்னமோ இருக்குமாம்."

"ஊசி போட்டா வருமுங்களா?"

"தெரியல சாமி."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தெரியலைன்னு இப்பத்தான் ஒருத்தரு சொல்றீங்" என்றாள். பிறகு எள்ளுருண்டையைக் கடித்தாள்.

மறுநாள் சீர் நடந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். பெண்கள் அவளைக் குச்சுக்குள் அழைத்துப்போய்ச் சேலை கட்டிவிட்டார்கள். தள்ளிவைத்த பெண்கள்தான் அலங்காரத்துக்கு உதவி. பெரியவர்களை வெளியே அனுப்பிவிட்டு அவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார்கள். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் கேட்கிற சிரிப்புச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. கை கட்டோடு சேலை கட்டுவது சிரமம்தானே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மாம்பழ நிறத்தில் அவள் வெளியே வந்தபோது மேனகா வாயைப் பொத்திக்கொண்டாள். கொசுவத்தில் நாலு மடிப்பு கூடுதலாக வைத்து, முந்தானையை இடுப்பைச் சுற்றிச் செருகியிருந்தார்கள். சின்ன உருவம்தான். ஆனாலும் நடந்து வந்தது ஒரு பெண், குழந்தை இல்லை. நான் மாலையைப் போட்டுத் தட்டை நீட்டினேன். திருச்செங்கோட்டுச் சொந்தம் ஒருவர் என் காதருகே வந்து, "மார்க் எவ்வளவுங்?" என்றார். "பந்தி போட்டாச்சு, போய் உக்காருங்" என்றேன்.

அடுத்த நாள் காலை குச்சைப் பிரித்தேன். அதைத் தாய்மாமனே பிரித்துக் கொளுத்திவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். உறவுக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். மேனகா உள்ளே பாத்திரங்களை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தாள். பவா நைட்டியோடு வந்து என் பக்கத்தில் நின்றாள். நான் கம்பியை அறுத்து முதல் கீற்றை இழுத்தேன்.

ஓலை மடிப்பிலிருந்து ஒரு சின்ன பாட்டில் விழுந்தது. வெள்ளை மூடி. அடுத்த கீற்றை இழுத்தேன், இன்னொன்று விழுந்தது. அப்புறம் ஒவ்வொரு மடிப்பிலிருந்தும் ஒன்றிரண்டாக உருண்டு வந்தன. எல்லாவற்றிலும் உச்சிமேட்டு ஸ்கூல் முத்திரை. பேர்கள் வேறு வேறு. மூன்றாவது வீட்டுப் பெண், எதிர்ச்சாரி இரட்டையர், பட்டறை மேஸ்திரியின் பேத்தி.

"என்ன சாமி இது?"

"நான் எதுவும் செய்யச் சொல்லலீங் மாமா. எனக்கு நடந்ததைச் சொன்னேன். நான் விட்டது லேட்டுன்னு சொன்னேன்."

"வீட்டுல கேட்டா?"

"தொலைஞ்சு போச்சும்பாங்க. லீவு முடிஞ்சு ஹாஸ்டலுக்குப் போனா பஞ்சு இருக்குது."

அவளைத் திட்டுவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பிள்ளைகளின் அப்பன்மாரில் பாதிப் பேர் எனக்கு வேண்டியவர்கள். யோசித்துக்கொண்டே நின்றேன். பவா குனிந்து, இடது கையால் பாட்டில்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓலைக் குவியலுக்குள் செருகினாள்.

"கொளுத்துங் மாமா" என்றாள்.

கொளுத்தினேன். புகையோடு பிளாஸ்டிக் நாற்றமும் கிளம்பியது. மேனகா மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்னங்ணா நாத்தம்?"

"பைப்புல இருந்த பெயிண்டு" என்றேன்.

அவள் கையில் பவாவின் பாட்டில் இருந்தது. பையை ஒழுங்குபண்ணும்போது கிடைத்திருக்கும். ஒரு நிமிஷம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இனி எதுக்குங்ணா இது" என்று சொல்லித் தீயில் எறிந்தாள். அப்புறம் மகளைப் பார்த்துச் சிரித்தாள். ரிசல்ட் வந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்ணா" என்றாள்.

பவா என்னைப் பார்த்தாள். நான் தீயைப் பார்த்தேன். இன்றைக்கு வேண்டாம், பாவம், ஒரு நாளாவது நிம்மதியாகத் தூங்கட்டும், கோயமுத்தூர் போய்வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று என் மனசு கணக்குப் போட்டது. தள்ளிவைப்பது எங்கள் எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது.

பவா பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை ஒரு கையால் இழுத்து வந்து அம்மா பக்கத்தில் போட்டாள்.

"இப்படி உக்காருங்மா" என்றாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"என்ன சாமி?" என்று மேனகா சிரிப்பு மாறாமல் உட்கார்ந்தாள்.

ஓலை சரியாகக் காயவில்லை. எரியாமல் புகைந்துகொண்டே இருந்தது. நான் ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு அதைக் கிளறிவிடப் போனேன்.